விழுந்த பல்லுக்கு 'சீட்டு' பிடிக்கும் கம்பி!

பால் பல்தானே என்று பிடுங்கிவிட்டுப் போகிறவர்கள் கவனத்துக்கு...

டவுன் பஸ்ஸில் சீட்டு பிடிப்பது எப்படி என்று சென்னைவாசிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜன்னல் வழியாகக் கைக்குட்டையோ துண்டோ உள்ளே போய் விழும். அது கிடக்கிற இடம் ஒருவருக்குச் சொந்தம். அவர் முண்டியடித்துப் படியேறி வந்து சேரும் வரை அந்தத் துண்டுதான் காவல்.

பிள்ளைகளின் வாயிலும் இப்படி ஒரு துண்டு போட வேண்டிய நிலைமை வருவது உண்டு.

கீழ்த் தாடையில் இருக்கும் பால் பல்லை, அது விழ வேண்டிய காலத்துக்கு முன்பே பிடுங்க நேர்ந்தால், அந்தக் காலி இடத்தைப் பின்னால் வரப்போகும் பல்லுக்காகக் காத்து வைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கம்பி இருக்கிறது. பல் டாக்டர்கள் இதை 'ஸ்பேஸ் மெயின்டெய்னர்' என்கிறார்கள். நாம் இடம் காக்கும் கம்பி என்று வைத்துக் கொள்வோம்.

பல்லில் ஒட்டிவிடுவார்கள். பிள்ளை கழற்ற முடியாது. வெளியே பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. வேலை மட்டும் இரவு பகலாக நடந்துகொண்டிருக்கும்.

"விழுந்தா முளைக்கும்!"

"பால் பல்லுதானே சார், விழுந்தா முளைச்சிட்டுப் போவுது!"

பல் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதிகமாகக் காதில் விழும் வசனம் இதுதான். ஒரு வகையில் நியாயமான பேச்சு. ஆறு வயதில் கீழ் முன்பல் ஆடும். நூலைக் கட்டிக் கதவைச் சாத்துவார்கள். விழுந்த பல்லைச் சாணி உருண்டையில் வைத்துக் கூரை மேல் வீசுவார்கள். கொஞ்ச நாளில் புதுப் பல் தலை நீட்டும். இதைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கடைவாய்ப் பல்லும் அப்படித்தான் என்று தோன்றும்.

அங்கேதான் வினை!

பால் பற்கள் மொத்தம் 20. கீழே 10, மேலே 10. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழ ஆரம்பிக்கும். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் அவ்வளவு சீக்கிரம் போகக் கூடாது. முதல் கடைவாய்ப் பால் பல் 9 முதல் 11 வயது வரை இருக்க வேண்டும். இரண்டாவது 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டும். அதாவது பிள்ளை ஆறாம் வகுப்பு போகும் வரைக்கும் அது டியூட்டி பார்க்க வேண்டிய பல்.

ஆனால் நடப்பது என்ன? மிட்டாய், பிஸ்கட், சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்க வைப்பது என்று பல காரணங்களால் நாலு, ஐந்து வயதிலேயே சொத்தை விழுந்துவிடுகிறது. ஏழு வயதில் கன்னம் வீங்கி, ராத்திரியெல்லாம் தூங்காமல் அழும்போதுதான் டாக்டர் ஞாபகம் வருகிறது. பல் அடி வரைக்கும் கெட்டுப் போயிருந்தால், பிடுங்குவதைத் தவிர வழியில்லை. சீழ் வைத்த பல்லை உள்ளே விட்டு வைப்பதும் ஆபத்து.

பல் வெளியே வந்தது. வலி போனது. வீட்டுக்குப் போகிற வழியில் ஐஸ்கிரீம். கேஸ் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

முடியவில்லை!

ஆக்கிரமிப்பு

ஆறு வயதில் வாயில் சத்தம் இல்லாமல் ஒரு சம்பவம் நடக்கிறது. பால் பற்களுக்குப் பின்னால், கடைசியில், புதிதாக ஒரு பெரிய பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் இது வருவதால் நிறையப் பெற்றோருக்கு இது வந்ததே தெரியாது. "இதுவும் பால் பல்தான், விழுந்துடும்" என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் இது சாகும் வரை இருக்க வேண்டிய நிலையான பல். 'ஆறு வயசுக் கடைவாய்ப் பல்' என்று இதற்குப் பெயர்.

இந்தப் பல்லுக்கு ஒரு குணம் உண்டு. முன்னால் நகரப் பார்க்கும். முன்னால் பால் பல் நிற்கிற வரை நகர முடியாது. பால் பல்லை எடுத்துவிட்டால்?

பஸ்ஸில் தூங்கி விழுகிற ஆசாமியைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் தோளில் இடிபட்டு நிமிர்ந்துகொள்வார். ஆள் இறங்கிவிட்டால் அப்படியே சாய்ந்து படுத்துவிடுவார். ஆறு வயசுப் பல்லும் காலி இடத்தின் மேல் அப்படியே சாய்கிறது. இன்னொரு பக்கத்தில் முன்னால் இருக்கும் பற்களும் காலி இடத்தைப் பார்த்துப் பின்னால் சரிகின்றன. இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் இருந்த இடம் குறைந்துகொண்டே போகிறது.

பிளாட்பாரத்தில் கடை போடுகிறவர் முதல் நாள் ஒரு சாக்கை விரிப்பார். மறுவாரம் ஒரு பெட்டி வரும். அதற்கு அடுத்த வாரம் கூரை. பல் விஷயத்திலும் இதே கதைதான். அதிலும் பல்லைப் பிடுங்கிய முதல் ஆறு மாதத்தில்தான் இடம் அதிகமாகப் பறிபோகிறது.

இதற்கிடையில், நிஜமான சொந்தக்காரர் ஈறுக்கு அடியில் காத்திருக்கிறார். கீழ் இரண்டாவது கடைவாய்ப் பால் பல் இருந்த இடத்துக்கு வர வேண்டிய புதுப் பல், 11, 12 வயதில்தான் வெளியே வரும். ஏழு வயதில் பால் பல்லைப் பிடுங்கினால் நாலு, ஐந்து வருஷம் இடம் காலி! இன்னொரு சங்கடம். ரொம்பச் சீக்கிரம் பிடுங்கிவிட்டால் குழியை எலும்பு மூடிக்கொள்வதால் புதுப் பல் வருவது இன்னும் தாமதமாகலாம்.

வரும்போது இடம் இல்லை. என்ன செய்யும்? நாக்குப் பக்கமாகவோ கன்னத்துப் பக்கமாகவோ ஒதுங்கி முளைக்கும். சில சமயம் வெளியே வர முடியாமல் எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். நெருக்கமாக, கோணலாக நிற்கும் பற்களில் பிரஷ் சரியாகப் போகாது. அழுக்கு சேரும். மறுபடி சொத்தை, மறுபடி ஈறு வீக்கம்.

கடைசியில் 13, 14 வயதில் பல் வரிசையைச் சீர் செய்யக் கிளிப் போட வேண்டி வரும். அதற்கு மாதக் கணக்கில் அலைய வேண்டும். ஆகும் செலவில் இடம் காக்கும் கம்பி பல தடவை போடலாம். சிலருக்கு இடம் போதாமல் நல்ல பல்லையே எடுக்க வேண்டி வருவதும் உண்டு.

கீழ்த் தாடைக்கு மட்டும் என்ன?

மேல் தாடையிலும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் மேல் தாடைக்கு ஒரு வசதி இருக்கிறது. அண்ணத்தின் நடுவில் இரண்டு எலும்புகள் சேரும் பொருத்து ஒன்று உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு அதை விரித்துத் தாடையை அகலமாக்கி இடம் உண்டாக்க முடியும். கீழ்த் தாடையின் இரண்டு பாதிகளும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள்ளேயே ஒட்டி ஒரே எலும்பாகிவிடுகின்றன. பிறகு அந்த மாதிரி விரிக்க வழி இல்லை. அதனால் கீழே இருக்கிற இடத்தைப் பறிகொடுக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

கீழ்த் தாடையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடைவாய்ப் பால் பற்கள் அகலமானவை. அவற்றுக்குப் பதிலாக வரும் புதுப் பற்கள் அவ்வளவு அகலம் கிடையாது. ஆக, பால் பல் விழுந்து புதுப் பல் வரும்போது கொஞ்சம் இடம் மிச்சமாகிறது. ஹேஸ் நான்ஸ் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் 1947ல் இதை அளந்து எழுதினார். கீழ்த் தாடையில் ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 1.7 மில்லிமீட்டர் மிச்சம். இரண்டு பக்கமும் சேர்த்தால் 3.4 மில்லிமீட்டர்.

இவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். கீழ் முன்பற்கள் லேசாக நெருக்கியடித்து நிற்கும் பிள்ளைக்கு இந்த இடம் கிடைத்தால், நெருக்கடி தீர்ந்துவிடலாம். கம்பி இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் ஆறு வயசுப் பல் முன்னால் வந்து அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். அதனால்தான், பல் எதையும் பிடுங்காத பிள்ளைக்குக்கூடச் சில சமயம் 9, 10 வயதில் கீழ்த் தாடையில் கம்பி போடச் சொல்கிறார்கள். பிராவிடன்ட் பண்டில் இருக்கிற பணத்தைத் தீபாவளிச் செலவுக்கு எடுக்காமல் வைத்திருப்பது மாதிரி!

எத்தனை வகை?

ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பல் போயிருந்தால், பக்கத்துப் பல்லில் ஒரு எவர்சில்வர் வளையம் மாட்டுவார்கள். மோதிரம் மாதிரி பல்லைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து ஒரு கம்பி கொக்கி மாதிரி வளைந்து, காலி இடத்தைத் தாண்டிப் போய் முன்னால் இருக்கும் பல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நடுவில் புதுப் பல் வர வழி திறந்தே இருக்கும். 'பேண்ட் அண்ட் லூப்' என்பது இதுதான். வளையம் மாட்ட வேண்டிய பல்லே சொத்தையாக இருந்தால், அதற்கு ஸ்டீல் தொப்பி போட்டு அதிலிருந்து கம்பி விடுவதும் உண்டு.

கீழே இரண்டு பக்கமும் பல் போயிருந்தால் வேறு கம்பி. வலது, இடது ஆறு வயசுப் பற்கள் இரண்டிலும் வளையம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, நாக்குப் பக்கமாக, குதிரை லாடம் மாதிரி வளைந்து ஒரே கம்பி ஓடும். அது கீழ் முன்பற்களின் முதுகில் சாய்ந்து நிற்கும். 'லிங்குவல் ஆர்ச்' என்று பெயர். பின்பல் முன்னால் வர முடியாது. முன்பல் பின்னால் சரிய முடியாது. இரண்டு பேரையும் ஒரே கம்பி தடுத்து நிறுத்துகிறது.

இதில் ஒரு முக்கியமான விஷயம். கீழ் முன்பற்கள் நாலும் புதுப் பற்களாக முளைத்த பிறகுதான் இந்த லாடக் கம்பியைப் போடுவார்கள். ஏனென்றால் கீழ்ப் புது முன்பற்கள் பெரும்பாலும் பால் பல்லுக்குப் பின்னால், நாக்குப் பக்கமாகத்தான் தலை நீட்டும். "ஐயோ, பிள்ளைக்கு ரெண்டு வரிசையில பல்லு வருதே!" என்று அம்மாமார்கள் பதறுவது இதைப் பார்த்துத்தான். அந்த நேரத்தில் அங்கே கம்பி ஓடினால் வருகிற பல்லையே மறிக்கும். அதனால் சின்னப் பிள்ளையாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வளையக் கொக்கி போட்டுவிட்டு, 8 வயதுக்கு மேல் லாடக் கம்பிக்கு மாற்றுவார்கள்.

"போன வருஷம்தானே ஒண்ணு போட்டாங்க, இப்ப இன்னொண்ணா? காசு பிடுங்கறாங்க!" என்று சண்டைக்குப் போவதற்கு முன் இதை யோசிக்கலாம். வளையக் கொக்கி சாய்ந்திருக்கும் முன்பக்கப் பால் பல் 9, 10 வயதில் தானாக விழுந்துவிட்டால், கொக்கிக்குப் பிடிமானம் போய்விடும். அப்போதும் மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வகை. ஆறு வயசுப் பல் முளைப்பதற்கு முன்பே, நாலு, ஐந்து வயதில், அதற்கு முன்னால் இருக்கும் கடைசிப் பால் பல்லைப் பிடுங்க நேர்ந்தால், ஈறுக்குள் ஒரு சின்னத் தகடு இறங்குகிற மாதிரி கம்பி செய்வார்கள். உள்ளேயிருந்து வரும் ஆறு வயசுப் பல்லுக்கு அது வழி காட்டும். பிறவி இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு இந்த வகை ஆகாது. ஈறு வழியாகக் கிருமி ரத்தத்தில் போக இடம் கொடுக்கக் கூடாது என்பதால் தவிர்க்கிறார்கள். பிள்ளைக்கு அப்படி ஏதாவது இருந்தால் டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கழற்றி மாட்டுகிற பல் செட் மாதிரியும் இடம் காக்கும் சாதனங்கள் உண்டு. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கையில் அது எத்தனை நாள் தங்கும்? டிபன் பாக்ஸ் மூடியில் கழற்றி வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் மீந்த சோற்றோடு குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வருவார்கள். ஒட்டி வைக்கிற கம்பிக்கு மவுசு அதனால்தான்.

ஊசி இல்லை, ராவுவது இல்லை

கம்பி போடுவது என்றதும் பிள்ளை டாக்டர் நாற்காலியில் ஏற மறுக்கும். ஆனால் பல்லைப் பிடுங்கியதில் பாதி கஷ்டம்கூட இதில் கிடையாது.

முதலில் எக்ஸ்ரே. அடியில் புதுப் பல் இருக்கிறதா, எவ்வளவு வளர்ந்திருக்கிறது, அதன் மேல் எவ்வளவு எலும்பு மூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பற்கள் ரொம்ப நெருக்கமாக இருந்தால், சில நாள் முன்னதாக இரண்டு பல்லுக்கு இடையில் சின்ன ரப்பர் வளையத்தைச் செருகி அனுப்புவார்கள். வளையம் நுழைய வழி உண்டாகும். அது உறுத்தும், அவ்வளவுதான்.

பிறகு பல்லுக்குப் பொருத்தமான எவர்சில்வர் வளையத்தைத் தேர்ந்தெடுத்து மாட்டி, குழைத்த மாவு மாதிரி ஒன்றை டிரேயில் வைத்து வாயில் அழுத்தி அச்சு எடுப்பார்கள். அந்தச் சில நிமிஷம்தான் பிள்ளைக்குக் குமட்டும். மூக்கால் மூச்சு விடச் சொல்லிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடுகிற டாக்டர்கள் உண்டு. அந்த அச்சில் மாவுக் கல் ஊற்றி, பல் மாதிரி வார்த்து, அதன் மேல் 0.9 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்டீல் கம்பியை வளைத்து, வளையத்தோடு பற்ற வைத்துப் பளபளப்பாக்குவது லேப் ஆள் வேலை. நகைப் பட்டறை வேலை மாதிரிதான். கொஞ்சம் பிசகினாலும் கம்பி ஈறில் குத்தும்.

அடுத்த தடவை வரும்போது பல்லைத் துடைத்துக் காய வைத்து, சிமெண்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். ஆக மொத்தம் இரண்டு, மூன்று தடவை போனால் வேலை முடிந்தது. ஓரிரு நாள் நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவும். பேச்சு லேசாகக் குழறலாம். பிறகு பிள்ளைக்கே மறந்துவிடும். சில பிள்ளைகளுக்கு நிக்கல் உலோகம் ஒத்துக்கொள்ளாது. கவரிங் நகை போட்டால் அரிக்கிறது என்றால் முன்கூட்டியே சொல்வது நல்லது.

எல்லாருக்கும் வேண்டாம்

பல் போன பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இந்தக் கம்பி தேவை என்று நினைத்துவிடக் கூடாது. கீழ் முன்பல் ஆடி விழுந்தால் வேண்டாம். புதுப் பல் சீக்கிரமே வரப்போகிறது என்று எக்ஸ்ரே சொன்னால் வேண்டாம். பிடுங்கி ரொம்ப நாளாகி இடம் ஏற்கெனவே மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கம்பி உதவாது. காக்கத்தான் இதனால் முடியும், போன இடத்தை மீட்டுத் தராது. மீட்பதற்கு வேறு கம்பி, வேறு சிகிச்சை. சில பிள்ளைகளுக்கு அடியில் புதுப் பல்லே உருவாகாமல் இருக்கும். அவர்களுக்குக் கணக்கே வேறு.

இன்னொன்று. எந்தக் கம்பியும் சொந்தப் பால் பல்லுக்கு ஈடாகாது. சொத்தையின் ஆரம்பத்தில் வந்தால் அடைத்துவிடலாம். வேர் வரை போயிருந்தாலும், பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து ஸ்டீல் தொப்பி போட்டுக் காப்பாற்ற முடிகிற கேஸ்கள் நிறைய. "விழப்போற பல்லுக்கு எதுக்கு இத்தனை செலவு?" என்று கேட்டுப் பிடுங்கச் சொல்கிறவர்கள், பிடுங்கிய பிறகு கம்பிக்கும், பிறகு கிளிப்புக்கும் கொடுக்கப்போவதைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

எங்கே போவது?

சென்னையில் கோட்டை ரயில் நிலையம் எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 1953ல் தொடங்கியது. குழந்தைகள் பல்லுக்கென்று தனிப் பிரிவே உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. வெளியில் பார்ப்பதானால், குழந்தைப் பல் மருத்துவத்தில் மேல்படிப்பு படித்தவரா என்று போர்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

பல் டாக்டர்கள் அரசாங்கப் பதிவேட்டில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று 1948லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் படிக்காமல், பரம்பரைத் தொழில் என்று சொல்லிக்கொண்டு இடுக்கியைத் தூக்குகிற ஆசாமிகள் ஒழிந்தபாடில்லை. அவர்களிடம் போனால் நிமிஷத்தில் பல் வெளியே வந்துவிடும். எக்ஸ்ரே கிடையாது, அடியில் புதுப் பல் இருக்கிறதா என்ற கேள்வி கிடையாது, காலி இடத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. இடுக்கி சரியாகக் கொதிக்க வைத்ததா என்பது அடுத்த கவலை. பிள்ளை விஷயத்தில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

கமர்கட்டுக்குத் தடை

கம்பி ஒட்டியாயிற்று. இனி வீட்டுப் பொறுப்பு.

கமர்கட், கடலை மிட்டாய், டாபி, சூயிங்கம் இவைதான் முதல் எதிரிகள். ஒட்டிக்கொண்டு இழுத்தால் சிமெண்ட் விட்டுவிடும். கம்பி விஷயத்தில் அதிகமாக வரும் புகாரே சிமெண்ட் விட்டுப் போவதுதான். முறுக்கு, ஐஸ்கட்டி, கரும்பு கடிப்பது கம்பியை வளைத்துவிடும். பென்சில் கடிக்கிற பிள்ளை, நாக்கால் கம்பியை நெம்பிக்கொண்டே இருக்கிற பிள்ளை, இவர்கள் மேல் ஒரு கண் வைக்க வேண்டும்.

காலை, இரவு இரண்டு வேளையும் வளையத்தைச் சுற்றி பிரஷ் போட வேண்டும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளை தானே சரியாகத் தேய்க்காது. ராத்திரி வேளையாவது பெரியவர் யாராவது தேய்த்துவிட வேண்டும். சாதம் கம்பியில் சிக்கிக்கொண்டு அங்கேயே ஊறினால் ஈறு வீங்கும்.

டாக்டர் சொன்ன தேதியில் காட்டாமல் விடுவதுதான் பெரிய தப்பு. சிமெண்ட் பாதி விட்டுப்போன வளையம் வெளியே பார்த்தால் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். உள்ளே உணவு புகுந்து, நல்ல ஆறு வயசுப் பல்லையே சொத்தையாக்கிவிடும். சில சமயம் புதுப் பல் வந்த பிறகும் கம்பியை எடுக்காமல் விட்டு, வருகிற பல்லுக்கு அதுவே இடைஞ்சலாக நிற்பதும் உண்டு. புதுப் பல் தலை காட்டினால் கம்பிக்கு டியூட்டி முடிந்தது என்று அர்த்தம். டாக்டர் வளையத்தைத் தளர்த்தி எடுத்துவிடுவார். ஊசி வேண்டியதில்லை.

நடுவில் கம்பி ஆடினாலோ, கன்னத்தில், நாக்கில் குத்தினாலோ, ஈறில் புதைந்தாலோ தேதி வரும் வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் பெவிகால், குவிக்பிக்ஸ் எதையும் வைத்து ஒட்டிப் பார்க்கக் கூடாது. கொறடு போட்டு வளைக்கவும் கூடாது. ராத்திரியில் பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தால், தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடாமல் இருக்க அன்றைக்கே காட்டிவிடுவது நல்லது. விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் இருந்தாலோ, இருமல், மூச்சுத் திணறல் இருந்தாலோ, பல் டாக்டரைத் தேடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

முழுசாகக் கையில் கழன்று வந்துவிட்டால் குப்பையில் போட வேண்டாம். தண்ணீரில் கழுவி, ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்துப் போகலாம். வளையாமல், உடையாமல் இருந்தால் சுத்தம் செய்து அதையே திரும்ப ஒட்டித் தருவார்கள். ஒரே வாரத்துக்குள் போவது முக்கியம். இடம் காலியாகக் கிடக்கிறது என்பது பக்கத்துப் பல்லுக்குத் தெரிந்துபோயிருக்கும்.